தசைக்கு ஞாபகம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஒரே அடியை ஆயிரம் தடவை அடித்தால் தசை மறக்காது’ என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 31 வருடமாகப் பேட்மிண்டன் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் முக்கால்வாசிக் காலம் நானும் இதையேதான் ஓதினேன் என்பதால் எழுதத் தோன்றியது.

தசைக்கு ஞாபகம் கிடையாது. கை பழகுவதெல்லாம் மூளையில்தான், அதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. ஆனால் நேற்று யார் வந்தார்கள், என்ன பேசினோம் என்பதைச் சேர்த்து வைக்கும் கணக்கு வேறு, இது வேறு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்றே நாளில் கை தேறிவிட்டது. அவரைக் கேட்டால், இப்படி ஒன்றைச் செய்ததாகவே நினைவில்லை!

இந்தக் கைப்பழக்கத்துக்குள் வார்த்தை நுழைந்தால் கெட்டது காரியம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது ஒரு அரையிறுதியில், இடம் மாறும் நேரத்தில் எதிராளியிடம், “பேக்ஹேண்ட் சர்வீஸுக்குக் கட்டைவிரலை இவ்வளவு மேலே வைக்கிறீங்களே, வலிக்காதா?” என்று அப்பாவிபோலக் கேட்டேன். குனிந்து விரலைப் பார்த்தாள். அடுத்த மூன்று சர்வீஸும் நெட்டில். ஜெயித்தேன், அவள் முகம்தான் இன்னும் மறக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஆயிரம் தடவைக் கணக்கைப் பற்றி. என்னிடம் ஒரு பெண் ஒரே இடத்தில் நின்று 50 ஷார்ட் சர்வீஸ் போடுவாள். 20ஐத் தாண்டினால் ஷட்டில் நெட்டை உரசுகிறாற்போலப் போய் விழும், பார்க்கவே அழகு. மேட்சில் முதல் சர்வீஸ் நெட்டில் முட்டும். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. 21ஆவது சர்வீஸ் போடும்போது 20ஆவதின் சூடு கையிலேயே இருக்கிறது, புதிதாக எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. மேட்சில் ஒரு சர்வீஸ், பிறகு மூச்சு வாங்கும் ராலி, அதற்கப்புறம்தான் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடலை நான் பழக்கவே இல்லை.

கெர், பூத் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. எட்டு வயதுக் குழந்தைகள் சின்னப் பையை இலக்கில் எறிய வேண்டும். ஒரு குழு 3 அடி தூரத்திலேயே பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் மட்டும் பழகியது. கடைசியில் 3 அடியில் பரீட்சை வைத்தால், அந்தத் தூரத்தில் பழகாத குழந்தைகள்தான் நன்றாக எறிந்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், பிரிட்டனின் தபால் ஊழியர்கள் தட்டச்சு பழகினார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்களுக்கு நாட்கள் அதிகம் பிடித்தன, ஆனால் மொத்த மணிக்கணக்கு, தினம் நாலு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறையில் திருப்தி இல்லாதவர்களும் அந்த ஒரு மணி நேரக்காரர்களே.

இதுதான் சிக்கல். நான் இப்போது ஒரு ஷார்ட் சர்வீஸ், ஒரு லாங், நடுவில் நாலு டிராப் என்று கலைத்துப் போடச் சொல்கிறேன். கோர்ட்டில் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். “போன மாசம் வரிசையா விழுந்துச்சே மேடம், இப்ப ஏன் இப்படி?” என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். கேட்கத்தான் செய்வார், உங்கள் கட்டுரையும் அதைத்தானே சொல்கிறது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவள் போடும் முதல் சர்வீஸை மட்டும்தான் இப்போது நோட்டில் குறித்துக்கொள்கிறேன். அம்மா இன்னும் கம்பி வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் எண்ணுகிறார்.

இப்படிக்கு,
ஒரு பேட்மிண்டன் பயிற்சியாளர்