ஒரு சுவிட்ச் செத்தா ஒரே ஒரு மெசேஜ் போதும் சாமி: மானிட்டரிங் டீமுக்கு ஒரு திறந்த மடல்

மானிட்டரிங் டீம் மக்களே, வணக்கம். நைட் ஷிஃப்ட்ல உக்காந்திருக்கற என்ஓசி (நெட்வொர்க்க ராத்திரி பகலா கண்காணிக்கற ரூம்) ஆளுங்கள்ல ஒருத்தன் எழுதறேன். தனியா மெயில் போட்டா "பாக்கறோம்"னு ஒரு வரி வருது, அப்புறம் சத்தமே இல்ல, அதான் எல்லாரும் பாக்கற மாதிரியே எழுதிடலாம்னு.

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டே முக்காலுக்கு மூணாவது மாடி ரேக்குல யூபிஎஸ் புட்டுக்கிச்சு, அதை நம்பி ஓடிட்டிருந்த டிஸ்ட்ரிப்யூஷன் சுவிட்ச் (நிறைய பொட்டிய நெட்வொர்க்கோட இணைக்கற நடு சுவிட்ச்) படுத்துருச்சு. நடந்தது அவ்ளோதான். ஆனா சுவிட்சையும் அதுக்கு பின்னாடி இருந்த சர்வர் மாதிரி மத்ததையும் சேத்து மொத்தம் 64 பொட்டியும் டவுன், டவுன்னு நாகியோஸ் (ஒவ்வொரு பொட்டியும் உயிரோட இருக்கான்னு செக் பண்ணி மெசேஜ் அனுப்பற நம்ம சாஃப்ட்வேர்) தனித்தனியா கத்துது, ஒவ்வொன்னுக்கும் ஒரு எஸ்எம்எஸ் ஒரு மெயில்னு 128, எலக்ட்ரீஷியன் வந்து சரி பண்ணதும் ரெகவரின்னு இன்னொரு 128. டேபிள் மேல வச்ச போன் அதிர்ந்து அதிர்ந்து நகந்து போயி டீ கப்ல இடிச்சு நின்னுச்சு.

இதுக்கு நடுவுல பக்கத்து பில்டிங் பில்லிங் டேட்டாபேஸ்ல டிஸ்க் நிரம்பப்போகுதுன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு. மத்ததோட சேத்து அதையும் தள்ளி விட்டுட்டேன், காலைல அஞ்சு மணிக்குதான் பாத்தேன். தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். ஆனா அந்த குப்பைல அதை எவன் கண்டுபிடிப்பான் சொல்லுங்க?

"மெயில்ல ரூல் போட்டு ஒதுக்கிக்கோ"ங்கறீங்க. நான் கேக்கறது அது இல்லங்க. நாகியோஸ்ல ஒவ்வொரு பொட்டியோட விவரமும் எழுதற ஹோஸ்ட் டெஃபனிஷன்ல பேரன்ட்ஸ்னு ஒரு வரி இருக்கு, அந்த பொட்டிக்கு எந்த சுவிட்ச் வழியா போறோம்னு அதுல சொல்லிட்டா, சுவிட்ச் போனா சுவிட்ச் மட்டும்தான் டவுன், பின்னாடி இருக்கறதெல்லாம் அன்ரீச்சபிள்னு, அதாவது போய் சேர வழி இல்லன்னு ஆகும். எதுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பணும்னு சொல்ற நோட்டிஃபிகேஷன் ஆப்ஷன்ஸ்ல அன்ரீச்சபிளுக்கான 'யு'வை எடுத்துட்டா மீதி 63ம் வாயே தொறக்காது. நம்ம கான்ஃபிக்ல அந்த வரி ஒரு ஹோஸ்ட்டுக்கு கூட இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன்.

போடும்போது ஒன்னு கவனிங்க, நாகியோஸ் சர்வர் எங்க இருக்கோ அங்க நின்னு பாத்துதான் வழி எழுதணும், நெட்வொர்க் டயக்ராம்ல மேல எது இருக்குன்னு பாத்து இல்ல. ரெண்டு அப்லிங்க் (ரெண்டு சுவிட்ச் வழியா இணைப்பு) இருக்கற பொட்டிக்கு ரெண்டு பேரன்ட்டையும் கமா வச்சு போடுங்க, ரெண்டும் போனாதான் அன்ரீச்சபிள், ஒன்னு உயிரோட இருக்கும்போது பொட்டி செத்தா டவுன்னே வரும்.

அப்புறம் சில ஹோஸ்ட்ல மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ் (எத்தன தடவ செக் தவறினா மெசேஜ் போகணும்ங்கற எண்ணிக்கை) 1னு வச்சிருக்கீங்க. ஒரு தடவை செக் தவறினா உடனே என்னைய எழுப்பணுமா? 3 ஆக்கிடுங்க, நடுவுல ஒரு நிமிஷ இடைவெளி விடுங்க. சாஃப்ட்வேர் பேட்ச் போடற சனிக்கிழமைக்கு, அந்த நேரத்துல மெசேஜ் அனுப்பாம இருக்க நாகியோஸ்ல டவுன்டைம் ஷெட்யூல் பண்ணுங்க, அது அஞ்சு நிமிஷ வேலை.

புது ப்ராஜெக்ட்டுக்கு ப்ராமிதியஸ்ங்கற இன்னொரு மானிட்டரிங் சாஃப்ட்வேர் வருதுன்னு கேள்விப்பட்டேன். அதோட மெசேஜ் அனுப்பற அலர்ட்மேனேஜர்ல பல அலர்ட்டை ஒரே மெசேஜா சேக்கற குரூப் பை இருக்கு, ஒரு அலர்ட் வந்தா அதை ஒட்டின மத்ததை அடக்கற இன்ஹிபிட் ரூல் இருக்கு, அதுலயாவது முத நாளே போட்டுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

வேலை ஜாஸ்தின்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சு, எந்த பொட்டி எந்த சுவிட்ச்லன்னு நானே மூணு ஷிஃப்ட்டா உக்காந்து எக்செல்ல எழுதி ஷேர்ட் ஃபோல்டர்ல போட்டுட்டேன். ரெண்டாவது மாடி மட்டும் பாக்கி, அங்க கேபிள் லேபிள் எல்லாம் உரிஞ்சு போச்சு, பகல்ல யாராவது ஒருத்தர் டார்ச்சோட வந்தா முடிச்சிடலாம்.