செயலாளர் ஆண்டறிக்கை: குழாயை இறக்கிய வருஷம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வழிபாட்டு மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, கிருத்திகை, நவராத்திரி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால் இந்த ஆண்டு நம்மை அதிகம் படுத்திய விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். நம் கோயில் குழாய் ஒலிபெருக்கிகளின் சத்தம்.

ஆடிக் கூழ் ஊற்றி முடிந்த மறுநாள் மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வந்தது. மூன்றில் ஒருவர் நம் மன்றத்து உறுப்பினர், பதினைந்து வருஷமாகச் சந்தா கட்டுபவர். “அம்மன் மேல் கோபம் இல்லை, குழாய் மேல்தான்” என்று எழுதியிருந்தார். குழுவில் சிலருக்கு வருத்தம், எனக்கும்தான். ஆனால் அன்று மாலை அவர் வீட்டு மாடியில் போய் நின்றபோது வருத்தம் போய்விட்டது. தெருவின் இரண்டு கோடியிலும் மின் கம்பத்தில் குழாய் கட்டியிருந்தோம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு குழாய் மற்றதைவிட 34 மீட்டர் தள்ளி இருந்தாலே பத்தில் ஒரு நொடி பிந்தும். அந்த மாடியில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழுந்தது. பாட்டும் புரியவில்லை, பக்கத்தில் நின்றவர் பேசியதும் கேட்கவில்லை.

சரி, விதி என்னதான் சொல்கிறது என்று எடுத்துப் படித்தோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. நமக்குப் பின் தெருவிலேயே பள்ளிக்கூடம். பகலில் ஒலிபெருக்கி வைக்கக்கூட எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இத்தனை வருஷத்தில் நாம் ஒருமுறையும் வாங்கியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குழாய் வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பது மைக் செட்டுக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்தேதான் கட்டினோம்.

கோயிலுக்கு விலக்கு உண்டு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். இல்லை. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அங்கிருந்த தேவாலயத்துக்கும் இடையில் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பானது. ‘எந்த மதமும்’ என்றால் நாமும் அதில் அடக்கம். விழா நாட்களுக்கு இரவு 10-இலிருந்து 12 வரை தளர்வு தரலாம். ஆனால் அதை மாநில அரசுதான் தர முடியும், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. நம் குழு கூடித் தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ளும் சலுகை அல்ல அது.

குழாயை இறக்க இன்னொரு காரணம் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல்தான் குறையும். ஐந்து மீட்டரில் 100 என்றால் பத்தில் 94, இருபதில் 88, நாற்பதில் 82, எண்பது மீட்டரில் 76. அதாவது தெருக்கோடி வீட்டுக்கும் அனுமதித்த 55-ஐ எங்கோ தாண்டி நிற்கும். புரட்டாசி முதல் கோபுரத்திலும் கம்பத்திலும் எதுவும் இல்லை.

அப்புறம்தான் உண்மையான தலைவலி தொடங்கியது. ஒலி மண்டபத்துக்குள் மட்டும் போதும் என்று முடிவெடுத்துப் பார்த்தால், மண்டபத்துக்குள் ஒன்றுமே புரியவில்லை. தேவாரம் பாடினால் முதல் வரி முடியுமுன் இரண்டாம் வரி அதன் மேல் ஏறிக்கொண்டது. புரியவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமாக வால்யூமைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறோம் போலிருக்கிறது. காரணம் தரையில் கிரானைட், சுவரில் கூரை வரை டைல்ஸ், மேலே கான்கிரீட். உபயதாரரைக் குறை சொல்லவில்லை. துடைக்கச் சுலபம் என்று நாம்தான் கேட்டு வாங்கினோம். டைல்ஸ் ஒலியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன் வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், முழக்கம் அடங்க எத்தனை நொடி ஆகும் என்று தெரியும். நம் மண்டபம் 12 மீட்டர் நீளம், 6 அகலம், 3.6 உயரம். ஜன்னல்கள் திறந்திருந்தும், ஆள் இல்லாதபோது மூன்றரை நொடிக்கு மேல் வருகிறது. அறுபது பேர் உட்கார்ந்தால் ஒரு நொடிக்குச் சற்று மேல். பேச்சு புரிய அதுவே போதும். மனிதர்தான் நல்ல பஞ்சு. நவராத்திரியில் நன்றாகக் கேட்பதும், பதினைந்து பேர் வரும் பிரதோஷத்தில் குழறுவதும் இதனால்தான்.

முட்டை அட்டையை ஒட்டலாம் என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். கோயிலில் முட்டை அட்டையா என்று மாமிகள் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நல்லவேளை, அது ஒலியைப் பெரிதாக உறிஞ்சுவதும் இல்லை, தீயும் சுலபமாகப் பிடிக்கும். பதிலாகப் பின் சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கனத்த திரைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் கூடுதலாக உறிஞ்சும். கற்பூரம் காட்டும் பக்கம் திரை கிடையாது. தரைக்குப் பவானி ஜமக்காளம் விரித்தோம். அதனால் ஒலியில் பெரிய வித்தியாசம் இல்லை, உட்காரத்தான் வசதி.

வாசலைப் பார்த்து நின்ற இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை எடுத்துவிட்டு, தூண்களில் நான்கு சின்னப் பெட்டிகளை உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பதால் மெல்ல வைத்தாலே கேட்கிறது. பேஸைக் குறைத்தோம், சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது பெரும்பாலும் அந்த ‘தும் தும்’தான். எக்கோ குமிழுக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. தயவுசெய்து யாரும் பிரிக்க வேண்டாம். குருக்கள் மைக்கை வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் பிடிக்கப் பழகியதும் ஊளைச் சத்தமும் நின்றது.

மார்கழியில்தான் சண்டை வந்தது. விடியற்காலை நாலரைக்குப் பாட்டு இல்லாத மார்கழியா என்று பலர் கேட்டார்கள். ஆறு மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது, அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. அதனால் மைக் இல்லாமல், ஒரு ஜால்ராவோடு தெருவைச் சுற்றிப் பாடி வந்தோம். முதல் நாள் ஏழு பேர். தை பிறக்கும்போது குழந்தைகளைச் சேர்த்து முப்பதைத் தாண்டியது. கடிதம் எழுதிய உறுப்பினர் நடுவில் ஒருநாள் கோலம் போட்டு முடித்துச் சேர்ந்துகொண்டார். வரமாட்டோம் என்று கோபித்துக்கொண்ட இருவர் கடைசி வரை வரவேயில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

மீதமிருப்பது மோட்டார் மேளம். தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் முரசு, மணி, தாளம் மூன்றும் ஒன்றாக அடிக்கும் அந்தப் பெட்டி மூடிய மண்டபத்துக்குள் இருப்பதால் கைக்குழந்தைகள் அலறுகின்றன. சுத்தியலுக்கு ரப்பர் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் தேவலை. எடுத்துவிடலாம் என்றால், உபயதாரரின் பெயர் அதன் மேல் பெரிய எழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கையால் மணி அடிக்கட்டும், பெட்டி பிரதோஷத்துக்கு மட்டும் ஓடட்டும் என்பது குழுவின் யோசனை. உபயதாரர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டபின் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.