பெயர் கேட்காமல் விட்ட அம்மாவுக்கு நன்றி

நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு வருடமாக எனக்குப் பாதங்களில் எரிச்சல், மரத்துப்போதல். செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. சர்க்கரை இல்லை, தைராய்டு சரி, பி12 சரி. காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

என் பையிலிருந்த சத்து மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “மூன்றிலும் பி6 இருக்கிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா?” என்றீர்கள்.

நரம்புக்கு நல்லது என்று நம்பி விழுங்கியவை அவை! அளவு மீறினால் பி6 உணர்வு நரம்புகளையே கெடுக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். ரத்தத்தில் அதன் அளவு மிக அதிகமாக இருந்தது. மருத்துவர் நிறுத்தச் சொன்னார். முதல் சில வாரங்கள் எரிச்சல் கூடியது. அப்படி ஆவதும் உண்டாம்.

இது ஏழாவது மாதம். நேற்று குளியலறைத் தரையின் குளிர்ச்சி இடது கால் கட்டைவிரலில் தெரிந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன், அம்மா.