டி.ஓ. மருத்துவர்களும் அவசர மருத்துவப் போர்டும்

அன்புள்ள சந்திரசேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. உன் தங்கை மகன் மிச்சிகனில் அவசர மருத்துவ ரெசிடென்சியின் (மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சியின்) இறுதியாண்டுக்கு வந்துவிட்டான் என்பதையும், பெயருக்குப் பின்னால் அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. என்றில்லாமல் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) என்றிருப்பதால் உறவினர்கள் அவனை முழு மருத்துவன்தானா என்று கேட்கிறார்கள் என்பதையும் படித்தேன். இந்தத் துறையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிற நாடுகளில் ஆஸ்டியோபதி என்பது பெரும்பாலும் உடலைக் கையால் அழுத்தியும் நீவியும் செய்யும் சிகிச்சையை மட்டும் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய பள்ளியின் வழிவந்த அமெரிக்க டி.ஓ., மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமை பெற்ற மருத்துவர். அந்த உரிமை எளிதில் கிடைக்கவில்லை. 1962-இல் கலிபோர்னியாவில் டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டத்துக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது; புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் நிறுத்தப்பட்டது. 1974-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே மீண்டும் உரிமம் கிடைத்தது. இராணுவம் அவர்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றுக்கொண்டது 1966-இல்தான். உறவினர்களிடம் இதைச் சொல்.

இனி சான்றிதழ். மருத்துவம் பார்க்கும் உரிமத்தை மாநிலம் தருகிறது. போர்டுச் சான்றிதழ், அதாவது ஒரு சிறப்புத் துறையில் தேர்வு வைத்துத் திறமையைச் சோதிக்கும் அமைப்பு தரும் சான்றிதழ், அதற்கு மேற்பட்டது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்கின்றன. அவசர மருத்துவம் தனித்துறையாகும் முன் அவசரப் பிரிவில் பல இடங்களில் வேறு துறை மருத்துவர்களே முறைவைத்து நின்றார்கள். மாரடைப்பு நோயாளியைத் தோல் மருத்துவர் பார்க்க நேர்ந்ததும் உண்டு. அந்த நிலையை மாற்றத்தான் அவசர மருத்துவம் தனித்துறையானது. 1979-இல் அமெரிக்க அவசர மருத்துவப் போர்டுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதையொட்டி 1980-இல் டி.ஓ.க்கள் தங்களுக்கென ஆஸ்டியோபதி அவசர மருத்துவப் போர்டை அமைத்தார்கள். ஆஸ்டியோபதிச் சங்கம் அங்கீகரித்த ரெசிடென்சியில் மட்டும் பயின்றவருக்கு அமெரிக்க அவசர மருத்துவப் போர்டின் கதவு திறக்கவில்லை என்பதால், ஆஸ்டியோபதிப் போர்டு இல்லாவிட்டால் அவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றளிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தப் போர்டில் எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. தேர்வாளர் ஒரு நோயாளியை விவரிப்பார். கேட்காத எந்தத் தகவலும் கிடைக்காது. மூச்சுத் திணறுபவருக்கு முதலில் சுவாசப் பாதையைக் கவனித்தாயா, எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாயா என்று வரிசை பார்த்தே மதிப்பிடுவார்கள். மனப்பாடம் செய்தவர் தடுமாறும் இடம் இதுதான்.

2015-இல் தொடங்கி 2020-இல் முடிந்த இணைப்பில் எம்.டி., டி.ஓ. ஆகிய இருவகை ரெசிடென்சிகளும், ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ.யின் ஒரே அங்கீகார முறைக்குள் வந்துவிட்டன. ஆகவே அவனுக்கு முன் பயின்ற டி.ஓ.க்கள் பலருக்கு இல்லாத வாய்ப்பு உன் மருமகனுக்கு இருக்கிறது: இரண்டில் எந்தப் போர்டின் தேர்வையும் அவன் எழுதலாம். பயிற்சி ஒன்றான பிறகு தனிப் போர்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் தேர்வு கடுமையாகவும் நேர்மையாகவும் இருக்கும்வரை அந்தப் போர்டு நிலைக்க வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் பிரிவில் நள்ளிரவில் என்னோடு நின்ற டி.ஓ.க்கள் எந்தச் சான்றிதழ் வைத்திருந்தார்கள் என்பது அவர்களின் வேலையில் ஒருபோதும் தெரிந்ததில்லை.

இருந்தாலும் அவன் எதையும் முடிவு செய்வதற்கு முன், சேர விரும்பும் மருத்துவமனையின் நியமன விதிகளை வாங்கிப் படிக்கட்டும். இரண்டு போர்டுகளின் பெயரும் அதில் இருந்தால் தயங்காமல் ஆஸ்டியோபதிப் போர்டின் தேர்வை எழுதட்டும். ஒன்றின் பெயர் மட்டும் இருந்தால், மற்றதை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. சான்றிதழைத் தக்கவைக்கத் தொடர்ந்து மதிப்பீடுகளும் கட்டணமும் உண்டு. அவற்றையும் இப்போதே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். என் தொலைபேசி எண்ணை அவனிடம் கொடு. வாய்மொழித் தேர்வுக்கு அவனைப் பழக்க நான் ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
இராமநாதன்