கெட்டுப்போன ஒயினை மாற்றித் தர மறுத்தது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: பட்டியலில் இல்லாத ஆண்டின் ஒயினைத் தந்ததும், குறையைச் சுட்டிய பிறகும் மாற்ற மறுத்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவு நண்பர்கள் சிலரை விருந்துக்கு அழைத்து, தங்கள் உணவகத்தில் மேசை முன்பதிவு செய்திருந்தேன். உணவில் எக்குறையும் இல்லை. முதலில் வந்த ஷாப்ளி வெள்ளை ஒயினும் மீனுக்குப் பொருத்தமாகவே இருந்தது. அடுத்து வந்த பரோலோ சிவப்பு ஒயினைத் தங்கள் பணியாளர் கையாண்ட விதம் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் ஒயின் பட்டியலில் அந்தப் பரோலோ 2016ஆம் ஆண்டு அறுவடை என்று அச்சிடப்பட்டிருந்தது. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதிக்கு அது மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்று என்பதாலேயே, மெதுவாக வேகவைத்த இறைச்சிக்குத் துணையாக அதைத் தேர்ந்தெடுத்தேன். மேசைக்கு வந்ததோ வெப்பமும் வறட்சியும் மிகுந்த 2017ஆம் ஆண்டின் புட்டி. அதுவும் எங்கோ முன்பே திறக்கப்பட்டு வந்தது. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான், புட்டியின் முகப்புச் சீட்டை விருந்தளிப்பவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு கார்க்கை எடுக்கும் வழக்கம் இருக்கிறது.

ஆண்டு மாறியதை விருந்தினர் முன்னிலையில் பெரிதுபடுத்த விரும்பாமல் விட்டிருப்பேன். ஆனால் சுவை பார்க்க ஊற்றிய ஒயினில் ஈரத்தில் ஊறிய அட்டையின் வாடையே மேலோங்கியிருந்தது. பரோலோவுக்கே உரிய ரோஜா மணமோ செர்ரிச் சுவையோ துளியும் இல்லை. கார்க்கிலிருந்து ஒயினில் இறங்கும் டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மத்தின் வாடை அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குப் புலப்பட்டுவிடும். உடலுக்குத் தீங்கில்லை என்றாலும் ஒயினின் மணத்தை அடக்கிவிடும். தங்கள் பணியாளர் கார்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். பார்வைக்குக் குறையில்லாத கார்க்கும் இதற்குக் காரணமாகலாம் என்பதால், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. பின்னர், முதிர்ந்த ஒயின் இப்படித்தான் இருக்கும், டிகேன்டர் என்னும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் சரியாகிவிடும் என்று கூறி, என் சம்மதம் கேளாமலேயே ஊற்றவும் செய்தார். பரோலோ தயாராகும் நெபியோலோ திராட்சையின் துவர்ப்பு காற்றுப் பட்டால் ஓரளவு தணியும் என்பது உண்மைதான். இந்த வாடையோ நேரம் போகப் போக இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

விருந்தளிப்பவருக்கு முதலில் சிறிது ஊற்றுவதன் நோக்கமே குறை உண்டா என்று அறிவதுதான். குறையைச் சொன்ன பிறகும் மாற்றுவதில்லை என்றால், அதை ஊற்றுவானேன்? நல்ல ஒயின் மேசையில் இருந்தால் அதைப் பற்றி யாரும் நெடுநேரம் பேசுவதில்லை. பேச்சு தானாக வேறெங்கோ போய்விடும். அதற்காகத்தான் நாங்கள் கூடினோம். வெகுகாலம் கழித்துச் சந்தித்தவர்களோ கோப்பையை முகர்ந்து பார்த்து, என் மனம் நோகாமல் என்ன சொல்வது என்று தடுமாறினார்கள். இறைச்சியும் ஆறிப்போனது. பெரும்பகுதி மிஞ்சிய அந்த ஒயினுக்கு ரசீதில் முழு விலையும் போடப்பட்டிருந்தது.

ஆகவே அந்தப் புட்டிக்கான தொகையைத் திருப்பித் தருமாறும், அச்சிட்ட ஆண்டின் ஒயின் கையிருப்பில் இல்லாதபோது வேறு புட்டியைத் திறக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் தெரிவிக்க ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணியாளர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். அவர் பணிவாகவே பேசினார், கற்றுத்தராததை அவரிடம் எதிர்பார்ப்பது முறையல்ல. ரசீதின் நகலையும் முகப்புச் சீட்டின் புகைப்படத்தையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் தங்கள் பதிலை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்