வெனிஸுக்கு நாங்கள் பட்ட கடன்

இத்தாலிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் பலெர்மோவில் நெடுங்காலமாக வாழும் ஈழத்தமிழன். இதே மடலை இத்தாலிய மொழியிலும் உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பலெர்மோ உதைபந்தாட்டக் கழகத்தின் ரோஜா நிறமும் கறுப்பும் கலந்த சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் வீடுகளிலும் இது வாசிக்கப்பட வேண்டும். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்தே பெல்லெக்ரீனோ மலையேறி, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவார்கள். கழகத்தின் பார்பெரா மைதானம் அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. மேலே நேர்த்தி வைத்துவிட்டு, இறங்கிய கையோடு ஆட்டம் பார்க்கப் போனவர்களை எனக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன்.

முதலில் வெனிஸ் நகரின் வெனெசியா கழகத்துக்கும் பிறகு பலெர்மோவுக்கும் உரிமையாளராக இருந்த மவுரீட்சியோ சம்பரீனியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் 2022 பெப்ரவரியில் காலமாகிவிட்டார். இறந்தவரை ஏசுவது என் நோக்கமில்லை. அவர் செய்தவற்றில் எவற்றுக்கு உங்கள் விதிகள் வழிவிட்டன, அந்த வழி இன்று அடைபட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பலெர்மோவில் சில வருடங்கள் ஒரு பெரியவரைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், தனியாள். அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பலெர்மோ அணியின் பழைய பருவகால அனுமதி அட்டைகள், வருட வாரியாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். மருந்து கொடுத்து முடிந்ததும் சில நாள் அதை எடுக்கச் சொல்வார். ஒவ்வோர் அட்டையையும் கையில் பிடித்து, அந்த வருடம் யார் யார் விளையாடினார்கள் என்று கதைப்பார். ரோஜா நிறம் இனிப்புக்கு, கறுப்பு கசப்புக்கு என்று இந்த ஊரில் சொல்வார்கள். அவரிடமிருந்துதான் அதை முதலில் கேட்டேன். 1973இல் பலெர்மோ இத்தாலியின் முதற் பிரிவான சீரி ஆவிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகான அட்டைகளை எடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தணியும்.

2002 ஜூலையில் சம்பரீனி வந்தார். அதுவரை எங்கள் கழகம் ஃபிராங்கோ சென்சியின் கையில் இருந்தது. அவர் ரோமா கழகத்துக்கும் உரிமையாளர். பலெர்மோவைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே வடக்கிலிருந்து பணத்தோடும் பிடிவாதத்தோடும் ஒருவர் வந்ததும் ஊரே எழுந்து நின்றது. 1941இல் ஃப்ரியூலியில் பிறந்து, தன் சொந்த உழைப்பில் பெரிய அங்காடிச் சங்கிலி ஒன்றைக் கட்டியெழுப்பியவர். வந்த கையோடு, சீரி ஆவுக்குக் கொண்டுபோவேன் என்றார்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. 1987 முதல் வெனெசியா கழகம் அவரிடம் இருந்தது. பக்கத்து மெஸ்த்ரே கழகத்தை அதோடு இணைத்தவரும் அவர்தான். வெனிஸின் கறுப்புக்கும் பச்சைக்கும் பக்கத்தில் இன்றைக்கும் தெரிகிற செம்மஞ்சள் மெஸ்த்ரேயிலிருந்து வந்தது. 1998இல் அவர் வெனெசியாவை சீரி ஆவுக்கு ஏற்றினார். அந்த மக்கள் அதற்காகக் காத்திருந்தது 31 வருடம். ரெக்கோபாவும் ஃபிலிப்போ மனியேரோவும் அங்கே விளையாடிய பருவத்தைப் பற்றி வெனிஸ்காரர் இன்றும் பேசுகிறார்கள். அப்புறம் இறக்கம், ஏற்றம், மறுபடி இறக்கம். கேட்ட புதிய மைதானமும் அவருக்குக் கிடைக்கவில்லை. சரி, மனம் சலித்துவிட்டது, வெளியேறுகிறார் என்றால் அதில் யாருக்கும் குறையில்லை.

ஆனால் அந்த ஜூலையில் வெனெசியா வீரர்கள் திரெந்தீனோவில், பெர்ஜினே என்ற சிற்றூரில் பயிற்சி முகாமில் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு டசின் வீரர்கள் அப்படியே பலெர்மோவுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் மனியேரோவும் ஒருவர். வெனிஸில் அதைப் ‘பெர்ஜினே திருட்டு’ என்றே இன்றும் சொல்கிறார்கள். காலையில் தங்கள் அணி என்று இருந்தது பின்னேரம் வேறு ஊரின் அணியாகிவிட்டது. வெனெசியா 2005இல் திவாலானது. 2009இல் மறுபடி கீழிருந்து தொடங்கியது. 2015இல் இன்னொரு தடவை. நடுவில் வந்த முதலாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை. என்றாலும் முதல் கல் உருவப்பட்டது பெர்ஜினேயில்.

அந்தக் கோடையில் பலெர்மோவில் நாங்கள் என்ன செய்தோம்? கொண்டாடினோம். நான் காப்பி குடிக்கும் கடையில் புதிய வீரர்களின் பெயர்களைப் பத்திரிகையில் விரல் வைத்து வாசித்தார்கள். பெரியவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சாந்தெலேனா தீவில் இருக்கும் தங்கள் மைதானத்துக்குப் படகில் போய்வரும் மனிதர்களைப் பற்றி எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது முதலில் நெஞ்சில் குத்தியது அதுதான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் மறைக்க மாட்டேன். செய்ந்நன்றி கொல்வது எங்கள் வளர்ப்பில் இல்லை. 2003-04 பருவத்தில் லூக்கா டோனி 30 கோல் அடித்தார். 2004 மே மாதம் பலெர்மோ சீரி ஆவுக்குத் திரும்பியது. நாங்கள் காத்திருந்ததும் 31 வருடம்தான். வெனிஸ் காத்திருந்த அதே கணக்கு. அன்றிரவு பெரியவர் பால்கனியில் கதிரை போடச் சொன்னார். கீழே வாகனங்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். 2006 உலகக் கிண்ணத்தில் கிரோசோ, பர்சாலியி, சக்கார்தோ, பரோனே என்று எங்கள் கழகத்திலிருந்து போனவர்கள் நான்கு பேர். பெர்லின் இறுதியாட்டத்தில் கடைசித் தண்ட உதையை அடித்தவர் கிரோசோ. கவானி, பஸ்தோரே, டிபாலா எல்லோரும் பெரிய பெயர் ஆவதற்கு முன் இந்த ஊரில் விளையாடியவர்கள். பஸ்தோரேயை 40 மில்லியன் யூரோவுக்கு மேல் பாரிஸ் வாங்கிக்கொண்டது. ஆளைக் கண்டுபிடிக்கும் கண் சம்பரீனியிடம் இருந்தது, அவருக்கு வேலை செய்தவர்களிடமும் இருந்தது.

அவரிடம் இல்லாதது பொறுமை. பயிற்றுவிப்பாளர்களைத் தின்பவர் என்று நாடே பெயர் வைத்தது. 2011 பெப்ரவரியில் உதினேசேயிடம் சொந்த மைதானத்தில் 0-7 என்று தோற்றோம். தெலியோ ரோசியை அனுப்பிவிட்டு கோஸ்மியைக் கொண்டுவந்தார். கத்தானியாவிடம் நான்கு கோல் வாங்கியதும் கோஸ்மியை அனுப்பிவிட்டு அதே ரோசியைத் திரும்ப அழைத்தார். அந்த ரோசிதான் இத்தாலியக் கிண்ண இறுதியாட்டம் வரை எங்களைக் கூட்டிப்போனார். 2012-13இல் சன்னீனோ, கஸ்பெரீனி, மலெசானி, திரும்பவும் கஸ்பெரீனி, திரும்பவும் சன்னீனோ. அந்த வருடம் இரண்டாம் பிரிவான சீரி பிக்கு இறங்கினோம். இரண்டு தடவை வேலை பறிக்கப்பட்ட அதே கஸ்பெரீனி 2024இல் அத்தலாந்தாவுக்கு யூரோப்பா லீக் கிண்ணம் வென்று கொடுத்தார். விட்டிருந்தால் எங்களுக்கும் ஏதாவது கட்டித் தந்திருப்பார் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

இதெல்லாம் உரிமையாளரின் குணம், இதற்குச் சம்மேளனம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன். நான் உங்களிடம் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

கழகத்தின் பெயரும் சின்னமும் அடங்கிய நிறுவனம் லக்சம்பர்க்கில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு 40 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. அந்தப் பணத்தைப் பற்றித்தான் பின்னர் வழக்கு வந்தது. 2018 டிசம்பரில் கழகத்தை ஓர் ஆங்கிலேய நிறுவனத்துக்கு 10 யூரோவுக்கு விற்றுவிட்டதாக அறிவித்தார். பத்தே யூரோ. கடலோரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து காப்பியும் பன்னும் சாப்பிட்டால் வரும் காசு. 1900இல் தொடங்கிய ஒரு கழகத்தின் விலை அது. 2019 ஜனவரியில் அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். அடுத்த சில மாதத்துக்குள் கழகம் மறுபடியும் கை மாறி, இன்னொரு தடவையும் கை மாறியது.

அந்தப் பருவத்தில் எங்கள் வீரர்கள் சீரி பியில் மூன்றாம் இடம் வந்திருந்தார்கள். மே மாதத்தில், பொய்க் கணக்குக் குற்றச்சாட்டில் உங்கள் தீர்ப்பாயம் அணியைக் கடைசி இடத்துக்குத் தள்ளியது. மேன்முறையீட்டில் அது 20 புள்ளிக் கழிப்பாகக் குறைந்தது. மேலே ஏறும் வாய்ப்பு அதோடு போனது. ஜூலையில், புதிதாக வந்தவர்கள் வைக்க வேண்டிய நிதி உத்தரவாதத்தை ஒழுங்காக வைக்கவில்லை என்று பதிவே மறுக்கப்பட்டது. நான்காம் பிரிவான சீரி டியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சட்டப்படி அந்த முடிவு சரி. ஆனால் பொய்க் கணக்குக் குற்றச்சாட்டுக்கு முகங்கொடுத்தவர்கள் வேறு, உத்தரவாதம் வைக்காதவர்கள் வேறு, தண்டனையைச் சுமந்தது பார்பெராவில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பெரியவர் அப்போது படுக்கையில் இருந்தார். நான் அங்கே வேலையை விட்டு வெகுநாள், என்றாலும் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். சீரி டியில் எங்கள் பிரிவில் வரும் ஊர்களை அவருக்கு வாசித்தேன். மர்சாலா, லிக்காத்தா, அச்சிரெயாலே, த்ரொய்னா. ‘லிக்காத்தாவுக்கு மீன் சாப்பிடப் போவோம், ஆட்டத்துக்கு இல்லை’ என்றார். பிறகு, அந்த வருட அட்டையையும் எடுத்து வா என்றார். மைதானத்துக்குப் போக முடியாத மனிதர், நான்காம் பிரிவுக்கு அட்டை வாங்கச் சொன்னார். அந்தக் கோடையில் 10,000க்கும் மேற்பட்டோர் அப்படி வாங்கினார்கள். அவருடைய இடத்தில் என் மகன் உட்கார்ந்தான். அட்டை மட்டும் ஆட்டம் முடிந்ததும் பிஸ்கட் டின்னுக்குத் திரும்பிப் போகும்.

ஐயா, அம்மா, நான் கேட்பது பெரிய காரியமில்லை.

ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொழில்முறைக் கழகங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறீர்கள். நல்ல விதி. 2021இல் சலெர்னித்தானா மேலே ஏறியபோது, லாட்சியோவின் உரிமையாளரும் அவர் உறவினரும் அதை விட்டே ஆக வேண்டும் என்று நின்றீர்கள். டிசம்பர் 31ஆம் திகதி, கடைசி நாளில் அது கை மாறியது. அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுப்பவர் பழைய வீட்டின் கதவு சன்னல்களையும் கழற்றிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? 2002இல் நடந்தது அதுதான். ஒரு கழகத்தை விட்டு இன்னொன்றை வாங்குபவர், விட்ட கழகத்திலிருந்து குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு ஒரு வீரரையும் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.

விற்பனை நடந்து முடிந்த பிறகு வாங்கியவரின் பணத்தைத் தேடுவதையும் விடுங்கள். 2015இல் பார்மா ஒரு யூரோவுக்குக் கை மாறி, சில வாரத்தில் திவாலானது. அதைப் பார்த்த பிறகும் எங்களுக்கு 10 யூரோ நடந்தது. வாங்குபவர் ஒரு பருவத்துச் செலவை முதலில் வங்கியில் வைத்துக் காட்டட்டும், பிறகு கையெழுத்து வைக்கட்டும். பெயர், நிறம், சின்னம் மூன்றையும் எந்த உரிமையாளரும் கழகத்திலிருந்து பிரித்து விற்க முடியாதபடி ஊரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. நாப்போலியும் பாரியும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. அதற்கு 2028-29 பருவம் வரை தவணை கொடுத்திருக்கிறீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன தவணை அது. தயவுசெய்து இனியும் தள்ளாதீர்கள். பாரியின் மக்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும், ஏறினாலும் எங்களை ஏற விடுவார்களா என்ற கேள்வியோடு பார்க்கிறார்கள்.

என் சொந்தக் கழகத்தையும் விட்டுவிட்டுப் பேசவில்லை. 2022 ஜூன் 12 இரவு பதோவாவை வென்று சீரி பிக்கு ஏறினோம். அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் குழுமம் பலெர்மோவை வாங்கியது. சம்பளம் நேரத்துக்குப் போகிறது, பயிற்சி மைதானம் கட்டினார்கள், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பல நாடுகளில் கழகம் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் எங்களைவிட இன்னொரு ஊர் தேவைப்படலாம். அன்றைக்கு எங்கள் வீரர்கள் எந்த முகாமிலிருந்து எங்கே போவார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. 2002இல் வெனிஸ்காரருக்காக அதைக் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்தத் தடவை நேரத்தோடு கேட்கிறேன்.

இந்த மடலின் ஒரு பிரதியை வெனெசியாவின் ரசிகர்களுக்கும் அனுப்புகிறேன். அவர்களுக்கு எழுதிய தாளில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது: பெர்ஜினேக்காக எங்களை மன்னியுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பார்பெரா மைதானத்தின் வடக்கு வளைவிலிருந்து ஒருவன்,
பலெர்மோ