மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை விடவில்லை, ரப்பர் பால் வெட்டும் நடக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்குத் தைராய்டு மாத்திரையை 50-லிருந்து 75 ஆக்கிவிட்டார்கள். வயதானால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் கொஞ்சம் ஏறத்தான் செய்யுமாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாதாம், எனக்குத் தேவையாம். வெறும் வயிற்றில் போட்டு அரை மணிநேரம் கழித்துத்தான் சாயா. கால்சியம் மாத்திரைக்கு நாலு மணிநேரம் இடைவெளி. நர்சைப் பெற்றவள் அல்லவா, தப்பாமல் செய்கிறேன்.

நீதான் ஃபோனில் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறாய். நைட் டியூட்டி, தூக்கமில்லை என்கிறாய். இருக்கலாம். ஓணத்துக்கு வந்தபோது டியூட்டி ஏது? வெளியே மழை கொட்டுகிறது, நீ வேர்த்து எழுந்து நைட்டி மாற்றுகிறாய். நான் முழித்துத்தான் கிடந்தேன்.

அம்மாச்சிக்கு 40-க்கு முன்னாலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. பெரியம்மாவுக்கும் அப்படித்தான். பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த அன்று, அது நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேயும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீதான் எங்களுக்கு விளக்கினாய். நம் நாட்டுப் பெண்களுக்குச் சாதாரணமாக 46, 47-இல் நிற்கும், 40-க்கு முன்னால் நின்றால் சும்மா விடக்கூடாது, குடும்பத்தில் தொடரவும் செய்யும் என்றாய். மாமிமார் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமை! இப்போது உனக்கு 38. ஊரார் ரத்தத்தையெல்லாம் பரிசோதனைக்கு எடுக்கிறாயே, உன் ரத்தத்தை எடுத்தாயா?

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. திருவனந்தபுரத்து டாக்டரிடம் அப்புறம் போனீர்களா என்றும் கேட்கவில்லை. சினைப்பை ஓய்கிறதா என்று காட்டுமே, அந்த எஃப்.எஸ்.எச். டெஸ்டை எடுத்துப் பார். தைராய்டும் சேர்த்துப் பார். வேர்வை, எரிச்சல், மாதம் தள்ளிப்போவது எல்லாம் அதனாலும் வரும். அதுவாக இருந்தால் மருந்தோடு போகும். மற்றதாகவே இருந்தாலும் வழி இருக்கிறது. சீக்கிரம் நின்றவர்களுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரைக்கும் அந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பார்கள் என்றும் நீதான் சொன்னாய். பெரியம்மாவுக்கு அதைச் சொல்ல அந்தக் காலத்தில் ஆளில்லை.

மாமி மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். ஏத்தங்காய் வற்றல் கொடுத்துவிடுகிறேன். டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

அம்மா